வலி ஊசி

“அக்கா, முதுகுல ஊசி போட்டுக்கிட்டா அப்புறம் மெஷின்ல உட்கார முடியுமா?”

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கும் என் சித்தி மகள், எட்டாம் மாதத்தில் என்னிடம் கேட்டாள். பிரசவ வலியைக் குறைக்கும் எபிடியூரல் ஊசியைப் பற்றிய கேள்வி அது. அந்த முதுகுதான் அவள் பிழைப்பு. நாள் முழுக்கக் குனிந்து தைக்கிற முதுகு. ‘இயற்கைப் பிரசவமா, வலி நிவாரணமா’ என்று நடக்கும் பட்டிமன்றங்களில் இப்படியொரு கேள்வியை நான் கேட்டதில்லை.

அந்தப் பட்டிமன்றத்தின் ஒரு தரப்புக்கு மூலவர் கிராண்ட்லி டிக் ரீட் என்ற ஆங்கிலேய மருத்துவர். பயமே வலியைக் கூட்டுகிறது என்று 1930களில் எழுதினார். அதில் உண்மை உண்டு. ஆனால் ‘நாகரிகம் தொடாத’ பெண்கள் எளிதாகப் பெற்றுவிடுகிறார்கள் என்ற கற்பனையின் மேல்தான் அவர் தன் வாதத்தைக் கட்டினார். நம் ஊரில் இதற்கு வேறு பாட்டு: “களை எடுக்கப் போன இடத்துல பெத்துட்டு வந்தா எங்க பாட்டி.” பெறப் போய்த் திரும்பாத பாட்டிகளைப் பற்றி யாரும் பெருமை பேசுவதில்லை. 1890களில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்ததைப் பார்த்துத்தான் ஐடா ஸ்கடர் மருத்துவம் படிக்கப் போனார். 1900இல் திரும்பி வந்து வேலூரில் வைத்தியம் தொடங்கினார். அந்த வேலூரை அடுத்து வாழ்ந்துகொண்டு பழைய பிரசவத்துக்கு ஏங்க எனக்கு மனம் வரவில்லை.

எதிர்த்தரப்பும் எனக்கு முழுதாக ஒத்துவரவில்லை. ஏன் என்பதை சிசிலியா வான் ஹாலனின் ‘பர்த் ஆன் தி த்ரெஷோல்ட்’ (2003) படித்தபோதுதான் பிடிபட்டது. 1990களில் சென்னையிலும் காஞ்சிபுரம் மாவட்டத்திலும் ஏழைப் பெண்களோடு பேசி எழுதிய ஆய்வு நூல். மேற்கில் பெண்கள் வலியைக் குறைக்க மருந்து கேட்க, இங்குள்ள பெண்கள் வலியைக் கூட்ட மருந்து கேட்டார்கள் என்கிறார். ஆக்சிடோசின்தான், எங்கள் பக்கம் ‘வலி ஊசி’. வலி என்ற சொல்லுக்குள் நோவும் வலிமையும் சேர்ந்திருப்பதை அவர் பிடித்துக்கொள்கிறார். வலியைத் தாங்குவது இந்தப் பெண்களுக்குச் சக்தி என்று வாசிக்கிறார். கட்டில் சீக்கிரம் காலியாக வேண்டிய நெருக்கடியையும், வார்டில் விழும் திட்டையும் அவர் விடவில்லை. நேர்மையான புத்தகம்.

ஆனாலும் ஒரு சந்தேகம் மிஞ்சுகிறது. வலி குறைய மருந்து வேண்டாம் என்ற பெண்கள், வேண்டும் என்றால் கிடைக்கக்கூடிய அறையில் இருந்துகொண்டா அதைச் சொன்னார்கள்? கிடைக்காத ஒன்றை மறுப்பதை விருப்பம் என்று எழுதலாமா?

எனக்கு இரண்டு அனுபவமும் உண்டு. முதல் குழந்தை எங்கள் ஊர்ப் பக்கத்து மருத்துவமனை ஒன்றில். என்ன மருந்து என்று சொல்லாமலே வலி ஊசியை டிரிப்பில் ஏற்றினார்கள். மல்லாந்து படுத்தே கிடக்கச் சொன்னார்கள். கத்தியபோது, கல்யாணம் கட்டும்போது தெரியலையா என்றார்கள். வெளியே வந்தவர்கள் அம்மாவிடம் சொன்னது: “சுகப்பிரசவம்.” யாருடைய சுகம் அது என்று அன்று கேட்கத் தோன்றவில்லை. இரண்டாவது சென்னையில், தனியாரில். கையில் சம்பளம் இருந்தது. கேட்டேன், முதுகில் போட்டார்கள். இரண்டுக்கும் நடுவே என் கொள்கை மாறவில்லை. வங்கிக் கணக்குதான் மாறியிருந்தது.

தங்கைக்கு நான் சொன்ன பதில்: எபிடியூரலால் நீடித்த முதுகுவலி வருவதாக ஆய்வுகள் காட்டவில்லை. அதனால் சிசேரியன் கூடுவதாகவும் காட்டவில்லை. இரத்த அழுத்தம் இறங்கலாம், முக்கும் நேரம் நீளலாம், காய்ச்சல் வரலாம், சிறுநீர் கழிக்கச் சிரமப்படலாம். போட மயக்க மருந்து மருத்துவர் வேண்டும், பிறகும் கண்காணிக்க ஆள் வேண்டும். அறுவை அரங்குக்கே ஆள் பற்றாத இடத்தில் பிரசவ வார்டுக்கு யார் வருவார்?

இதைத்தான் நம் விவாதங்கள் தொடுவதில்லை. தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21) தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவம் மருத்துவமனையில் நடக்கிறது, 44.9 சதவீதம் சிசேரியன், தனியாரில் 63.8. கத்தி எட்டும் இடத்தில் வலி நிவாரணம் எட்டவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2018 பரிந்துரை கேட்கும் பெண்ணுக்கு எபிடியூரல் கொடுக்கச் சொல்கிறது. அதே பரிந்துரை, பிடித்த துணையை உடன் வைத்துக்கொள்ளவும் எழுந்து நடமாடவும் சொல்கிறது. பின்னவை இரண்டுக்கும் பெரிய செலவில்லை. ‘இயற்கை’ பேசுபவர்கள் வார்டு வாசலில் நின்று இந்த இரண்டையாவது கேட்டிருக்கலாம். அவர்கள் வீடியோ போடுகிறார்கள். 2018இல் திருப்பூரில் வீடியோ பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்க்க முயன்று ஒரு பெண் இறந்தார்.

தங்கைக்குப் பெண் குழந்தை. நார்மல். மறுநாள் போனில் கேட்டேன், ஊசி பற்றி விசாரித்தாயா என்று.

“கேட்டேன்க்கா. சிஸ்டரு சிரிச்சாங்க. பக்கத்து பெட்டுல இருந்த அக்காதான், அது என்ன ஊசின்னு என்கிட்ட ரெண்டு வாட்டி கேட்டாங்க.”