மூச்சு முன்னே, உடல் பின்னே

யோகாசனத்தைப் படம் பார்த்தே ரசித்துப் பழகிவிட்டோம். பி.கே.எஸ். ஐயங்காரின் 'லைட் ஆன் யோகா' 1966இல் வந்தபோது, அதிலிருந்த நூற்றுக்கணக்கான புகைப்படங்களில்தான் உலகம் சொக்கிப்போனது. ஐயங்கார் ஆசனம் கற்றது மைசூரில், தம் அத்திம்பேர் திருமலை கிருஷ்ணமாச்சார்யாவிடம். அந்தக் கிருஷ்ணமாச்சார்யாவின் மகன் டி.கே.வி. தேசிகாச்சாரின் (1938–2016) வித்தையோ கேமராவுக்குள் அகப்படாத வகை.

தேசிகாச்சார் படித்தது பொறியியல். 1960களின் தொடக்கத்தில் ஒருநாள், சென்னை வீட்டுக்கு வந்த வெளிநாட்டுப் பெண்மணி ஒருவர், ஆசாரசீலரான அப்பாவை வாசலிலேயே கட்டிக்கொண்டார். அப்பாவிடம் கற்றதன் பலனாக, பல வருஷங்களுக்குப் பிறகு முந்தின இரவுதான் அந்தப் பெண்மணி மாத்திரையில்லாமல் தூங்கினாராம். பிள்ளையை யோகத்தின் பக்கம் திருப்பியது அதுதான் என்று அவரே சொல்லியிருக்கிறார். தலைகீழாக நிற்கும் சாகசம் அசைக்காத மனிதரை யாரோ ஒருவரின் தூக்கம் அசைத்துவிட்டது. அவர் பின்னாளில் பாடம் சொன்ன விதத்துக்கு இதைவிடப் பொருத்தமான தொடக்கம் கிடையாது.

அவர் முறையில் கையைத் தூக்குவதே ஒரு பாடம். மூச்சு முதலில் உள்ளே புறப்படும். கை அதன்பின் எழும். கை மேலே போய் நின்ற பிறகும் மூச்சில் இன்னும் ஒரு இழை மிச்சமிருக்கும். பாட்டுக்கு முன்னரே தொடங்கி, முடிந்த பின்னும் ஒலிக்கும் தம்பூராவைப் போல மூச்சு அசைவைச் சூழ்ந்து நிற்கும். பார்க்கிறவருக்கு யாரோ கையைத் தூக்கி இறக்குகிறார், அவ்வளவுதான். செய்து பார்த்தால் இரண்டாம் முறையே மனம் எங்கேயோ ஓடி, மூச்சு கையை விட்டுப் பின்தங்கிவிடும்.

கால் நீட்டி உட்கார்ந்து முன்னே குனியும் பச்சிமோத்தானாசனத்தில் முழங்கால் மடங்கினால் மடங்கட்டும். முதுகு நீள்கிறதா என்பதுதான் கேள்வி. முதலில் மூச்சோடு சில தடவை போய்வருதல், பிறகே தங்குதல். ஒவ்வொரு கடினமான ஆசனத்துக்கும் பின்னே அதன் களைப்பைத் துடைக்க ஒரு பிரதிகிரியாசனம். வருகிறவரின் வயது, வேலை, வலி எல்லாம் பார்த்து, அவருக்கென்றே குச்சி மனிதர்களாக வரைந்து தரும் ஒரு தாள். அந்தத் தாளில் எதைச் சேர்த்தார் என்பதைவிட எதை விட்டார் என்பதில்தான் எனக்கு அவருடைய கை தெரிகிறது.

1965இல் அவரிடம் வந்த மாணவர் ஜே. கிருஷ்ணமூர்த்தி. மாணவருக்கு எழுபது வயது, வாத்தியாருக்கு முப்பதுகூட ஆகவில்லை. குருவே வேண்டாம் என்று ஊர் ஊராகப் பேசியவருக்குப் பாடம் எடுப்பது லேசான காரியமா! அடுத்த ஆண்டே சுவிட்சர்லாந்தின் கிஷ்டாட் வரை போய்ச் சொல்லிக்கொடுத்தார். கிருஷ்ணமூர்த்திக்கும் அவருடைய வயதுக்கும் உடம்புக்கும் ஏற்ற பாடம்தான். பிரபலம் என்பதற்காக ஓர் ஆசனம்கூடக் கூடவில்லை.

1976இல் அப்பாவின் பெயரில் சென்னையில் கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரத்தைத் தொடங்கினார். அங்கேயும் ஆளுக்கொரு பாடம் என்பதுதான் அடிப்படை. ஐம்பது பாயை வரிசையாக விரித்து ஒலிபெருக்கியில் கட்டளையிடுகிற வியாபாரத்துக்கு இந்த முறை தோதுப்படாது. எனக்கு அதில் வருத்தமில்லை.