டிக்ளேர் செய்யத் தெரியாத கேப்டன்கள்

மெட்டாலிகாவின் ‘72 சீசன்ஸ்’ 77 நிமிடம் ஓடுகிறது. அதற்குள் 45 நிமிட ஆல்பம் ஒன்று இருக்கிறது, அது அபாரமானது. மிச்சத்தைத் தூக்கிப் போடச் சொல்ல ஸ்டுடியோவில் ஆளில்லை. கடந்த நாலைந்து ஆண்டுகளில் வந்த பெரிய ஹெவி மெட்டல் ஆல்பங்களை மறுபடி வரிசையாகக் கேட்டபோது எனக்குப் பட்டது இதுதான்: மூத்த ஆட்டக்காரர்களுக்கு வயது ஒரு பிரச்சினையே இல்லை. கை ஓடுகிறது, தொண்டை திறக்கிறது. இன்னிங்ஸை எப்போது டிக்ளேர் செய்வது என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள்.

விளையாட்டுப் பக்கத்தில் மெட்டலுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். 2024 ஜூலை 26 அன்று பாரிஸ் ஒலிம்பிக் தொடக்க விழாவில், கொன்சியேர்ஜெரி கட்டடத்தின் சுவரில் தொங்கியபடி வாசித்ததே கோஜிரா, அது பிரெஞ்சு மெட்டல் குழு. அந்தப் பாட்டுக்கே அடுத்த பிப்ரவரியில் கிராமி கிடைத்தது. பிளாக் சபாத் விடைபெற்றதும் ஆஸ்டன் வில்லா அணியின் கால்பந்து மைதானத்தில்தான், 2025 ஜூலை 5 அன்று. இதெல்லாம் சாக்கு என்றால் சாக்குதான். நிஜமான காரணம், இந்த இசை உடம்பை வாங்கும் இசை. மெட்டாலிகாவின் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிதார் துணுக்கு) வாசிக்கும்போது அவர் வலது கையைப் பாருங்கள். நரம்பை மீட்டும் பிக்கை மேலும் கீழுமாக மாற்றி மாற்றி அடித்தால் வேலை பாதி. அவரோ முடிந்தவரை எல்லாவற்றையும் கீழ்நோக்கியே அடிப்பார், அதில்தான் அந்த இறுக்கமான ஓசை வரும். ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’ பாட்டு நிமிடத்துக்கு 200 பீட்டைத் தாண்டி எட்டரை நிமிடம் போகும். வேகப்பந்து வீச்சாளரின் தோளைப் பற்றி நாம் எழுதுகிறோமே, இந்த முன்னங்கையைப் பற்றியும் எழுதலாம்.

2023 ஏப்ரலில் ‘72 சீசன்ஸ்’ வந்தபோது ஹெட்ஃபீல்டுக்கு வயது 59. மனிதனின் முதல் 18 ஆண்டுகளில் வரும் பருவங்களின் எண்ணிக்கைதான் தலைப்பு. அந்த வயதுக்குள் நம்மீது படிந்துபோவதை ஆயுள் முழுக்கச் சுமக்கிறோம் என்பது கரு. முதல் பாட்டே கையில் துருப்பிடிக்கவில்லை என்று காட்டிவிடுகிறது. மூன்றரை நிமிடத்துக்குள் முடியும் ‘லக்ஸ் எடர்னா’ இன்னும் ஒரு படி மேல். இளவயதில் அவர்கள் விழுந்து விழுந்து கேட்ட பிரிட்டிஷ் மெட்டலுக்குச் செலுத்திய நன்றிக்கடன் அது, ஒரு நொடிகூட வீணில்லை. பிறகு ஆல்பத்தின் நடுப்பகுதி வருகிறது. ‘ஸ்லீப்வாக் மை லைஃப் அவே’, ‘கிரவுன் ஆஃப் பார்ப்டு வயர்’, ‘சேஸிங் லைட்’ மூன்றிலும் கதை ஒன்றுதான். நல்ல ரிஃப் ஒன்று வரும், அதைச் சுற்றி நான்கு நிமிடத்துக்கான பாட்டு இருக்கும், அந்த நான்கு நிமிடத்தை ஆறு, ஏழாக இழுத்திருப்பார்கள். கிதார்காரர் கர்க் ஹாமெட்டின் சோலோக்களைப் பற்றி ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து அடித்துக்கொண்டார்கள். நான் எதிர்க்கட்சி. அந்த இடத்தில் தோன்றியதை வாசிப்பது அவர் பாணி, அதில் தப்பில்லை. ஆனால் வா-வா பெடலை மிதித்தால் மட்டும் எதுவும் புதிதாகத் தோன்றிவிடாது.

கடைசிப் பாட்டு ‘இனமொராட்டா’ 11 நிமிடம், மெட்டாலிகா பதிவு செய்த சொந்தப் பாட்டுகளிலேயே நீளமானது. வேடிக்கை என்னவென்றால், இதைத்தான் ஒரு நிமிடம்கூட வெட்ட முடியாது. நடுவில் கிதார்கள் எல்லாம் அடங்கி, ராபர்ட் ட்ருஹியோவின் பேஸ் மட்டும் நிதானமாக நடைபோடும் ஓர் இடம் வருகிறது. அதிலிருந்து மறுபடி ஏறும் ஏற்றத்தில் முழு ஆல்பத்தின் சோர்வும் போய்விடுகிறது. ஆக, நீளம் தன்னளவில் குற்றமில்லை. நீளத்துக்குள் என்ன நடக்கிறது என்பதே கேள்வி. ஆல்பத்தின் தயாரிப்பாளர் பட்டியலில் கிரெக் ஃபிடல்மன் பெயரோடு ஹெட்ஃபீல்ட், டிரம்மர் லார்ஸ் உல்ரிச் பெயர்களும் இருக்கின்றன. ஆடுபவரே தேர்வாளராகவும் உட்கார்ந்தால் யார் யாரை நீக்குவது?

இந்த நோய் புதிதல்ல. இசைத்தட்டுக் காலத்தில் ஒரு பக்கத்துக்கு 20, 22 நிமிடம்தான் நல்ல ஒலியோடு பதியும். அதனால் ஆல்பம் என்றாலே 40, 45 நிமிடம், மிஞ்சினால் 50 சொச்சம். ஸ்லேயரின் ‘ரெய்ன் இன் பிளட்’ 1986இல் வந்தபோது மொத்தமே சுமார் 29 நிமிடம்தான். அந்த 29 நிமிடத்தில் த்ராஷ் மெட்டலின் இலக்கணமே மாறியது. சிடி வந்ததும் 74, 80 நிமிடம் இடம் கிடைத்தது. இடம் கிடைத்தால் நிரப்பத்தானே தோன்றும்? மெட்டாலிகாவின் ‘லோட்’ 1996இலேயே 79 நிமிடத்தைத் தொட்டு நின்றது. இன்று ஸ்ட்ரீமிங்கில் அந்தச் சுவரும் இல்லை.

அயர்ன் மெய்டன் சிடியின் எல்லையையே தாண்டிவிட்டது. 2021 செப்டம்பரில் வந்த ‘சென்ஜுட்ஸு’ கிட்டத்தட்ட 82 நிமிடம், இரட்டை ஆல்பம். அதன் கடைசி மூன்று பாட்டும் பேஸ் வாசிக்கும் ஸ்டீவ் ஹாரிஸ் தனியாக எழுதியவை, ஒவ்வொன்றும் பத்து நிமிடத்துக்கு மேல், மூன்றும் சேர்ந்து 34 நிமிடம். மூன்றுமே பேஸும் சன்னமான கிதாருமாக மெல்ல ஆரம்பிக்கும், மூன்றுமே நடுவில் குதிரைப் பாய்ச்சலாகும், மூன்றுமே வந்த வழியே திரும்பி அடங்கும். ‘ஹெல் ஆன் எர்த்’ மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் அடுத்த தொடருக்கு ஒதுக்கியிருக்கலாம். கெவின் ஷெர்லிதான் தயாரிப்பாளர், இணைத் தயாரிப்பாளர் யாரென்றால் அதே ஸ்டீவ் ஹாரிஸ். அவர்தான் குழுவின் நிறுவனர், கேப்டன், எல்லாம். அவரிடம் போய் ‘போதும் சார்’ என்று யார் சொல்வது? மெய்டனின் தீவிர ரசிகர்கள் என்மீது கோபப்படுவார்கள், படட்டும். 2007இல் பெங்களூருக்கு மெய்டன் வந்ததை இன்னும் நேற்று நடந்ததுபோல் பேசுகிறவர்கள் அவர்கள், விசுவாசம் என்றால் அதுதான். அதே குழுவின் பாடகர் புரூஸ் டிக்கின்சன் 19 ஆண்டுக்குப் பிறகு வெளியிட்ட தனி ஆல்பம் ‘தி மேண்ட்ரேக் ப்ராஜெக்ட்’ (2024 மார்ச்) ஒரு மணி நேரத்துக்குள் முடிகிறது, மூச்சும் நன்றாக விடுகிறது. ஒருமுறை கேளுங்கள்.

இனி, டிக்ளேர் செய்யத் தெரிந்தவர்கள்.

ஜூடாஸ் ப்ரீஸ்டின் 19ஆவது ஆல்பமான ‘இன்வின்சிபிள் ஷீல்ட்’ 2024 மார்ச் 8 அன்று வந்தது. அன்று பாடகர் ராப் ஹால்ஃபோர்டின் வயது 72. அணியின் மருத்துவ அறிக்கையைப் பார்த்தால் இப்படியோர் ஆல்பம் வந்திருக்கவே கூடாது. மூத்த கிதார்காரர் கிளென் டிப்டன் தனக்குப் பார்க்கின்சன் நோய் இருப்பதை 2018இல் வெளியே சொன்னார், முழுநீளப் பயணங்களிலிருந்து விலகினார். இளையவர் ரிச்சி ஃபாக்னரின் கதை அதைவிடப் பயங்கரம். 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் லூயிவில் நகரில் மேடையில் ‘பெயின்கில்லர்’ வாசித்துக்கொண்டிருக்கும்போதே அவரது இதயப் பெருந்தமனி கிழிந்தது. பாட்டை முடித்துவிட்டுத்தான் இறங்கினார். பத்து மணி நேரத்துக்கு மேல் அறுவை சிகிச்சை நடந்தது. அதற்கு ஒரு மாதம் கழித்து லேசான பக்கவாதத் தாக்குதலும் வந்ததாகவும், வலது கை இன்னும் பழையபடி இல்லை என்றும் 2025இல் அவரே சொன்னார். வலது கை என்றால் பிக் பிடிக்கும் கை. அந்தக் கையோடுதான் இந்த ஆல்பத்தின் சோலோக்களை வாசித்திருக்கிறார் என்பது தெரிந்த பிறகு நான் மறுபடி கேட்டேன். சலுகை மதிப்பெண் எதுவும் தேவைப்படவில்லை.

முதல் பாட்டு ‘பேனிக் அட்டாக்’. சிந்தசைசர் வாடையடிக்கும் கிதாரோடு தொடங்குகிறது. 1986இன் ‘டர்போ’ ஆல்பம் ஞாபகம் வந்து பழைய ரசிகர்களுக்கு அரை நிமிடம் வயிற்றைக் கலக்கும். (அந்த ஆல்பத்தை இன்றும் மன்னிக்காதவர்கள் உண்டு. எனக்குப் பிடிக்கும், அது வேறு விஷயம்.) அடுத்து ஸ்காட் டிராவிஸின் டிரம்ஸ் உள்ளே நுழைந்து, ரிஃப் விழுந்ததும் சந்தேகம் பறக்கிறது. ஹால்ஃபோர்ட் இங்கே செய்திருக்கும் தந்திரத்தைக் கவனிக்க வேண்டும். அடிகளை நடுக் குரலில், ஒவ்வொரு சொல்லும் நறுக்கென்று விழும்படி பாடுகிறார். உச்சக் குரலை எடுத்ததும் காட்டுவதில்லை, பாட்டு கொதித்து மேலெழும் இடம்வரை பத்திரமாக வைத்திருந்து செலவழிக்கிறார். 30 வயதில் எல்லாப் பந்தையும் எல்லைக்கு அனுப்பியவர் 72 வயதில் எந்தப் பந்தை அடிப்பது என்று தெரிந்து ஆடுகிறார். ‘கிரவுன் ஆஃப் ஹார்ன்ஸ்’ மெதுவான, மெட்டு நிறைந்த பாட்டு. அதிலும் ‘டிரையல் பை ஃபயர்’ பாட்டிலும் அந்த நடுக் குரலுக்கு ஒரு கனம் வந்திருக்கிறது, இளவயது ஹால்ஃபோர்டிடம் அது கிடையாது. ‘சன்ஸ் ஆஃப் தண்டர்’ மூன்றே நிமிடத்தில் ஜோலியை முடித்துக்கொண்டு போய்விடுகிறது. பதினோரு பாட்டும் ஒரு மணி நேரத்துக்குள் அடக்கம்.

தயாரிப்பாளர் ஆண்டி ஸ்னீப். ‘சப்பாத்’ என்ற பிரிட்டிஷ் த்ராஷ் குழுவில் கிதார் வாசித்தவர், டிப்டன் விலகியபின் மேடையில் அவர் இடத்தில் நிற்பவரும் இவரே. 2022 ஜனவரியில் இவரை விட்டுவிட்டு நால்வராகவே மேடையேறப் போவதாகக் குழு அறிவித்தது, ரசிகர்கள் கொதித்ததும் சில நாளிலேயே முடிவை மாற்றிக்கொண்டது. இவ்வளவு நெருக்கமாக இருந்தும் பாட்டு எழுதியவர்கள் பட்டியலில் ஸ்னீப் இல்லை. ஹால்ஃபோர்ட், டிப்டன், ஃபாக்னர் மூவரும் எழுதித் தர, எழுதாத ஒருவர் உட்கார்ந்து கேட்கிறார். நான் சொல்லும் தேர்வாளர் இவர் மாதிரி ஆள்தான். குறையும் உண்டு: எல்லாமே ஒரே சத்தத்தில் இறுக்கி வைக்கப்பட்டிருக்கிறது, கிக் டிரம் ‘டிக் டிக்’ என்று ஹெட்போனில் குத்துகிறது. இதைவிடச் சற்றுக் காற்றோட்டமாக விட்டிருக்கலாம்.

எழுதியவரே தயாரித்தால் ஆல்பம் நீளும் என்ற என் கட்சிக்கு ஓபத் ஒத்துழைக்க மறுக்கிறது. ஸ்வீடன் குழுவின் தலைவர் மிக்கேல் ஓக்கர்ஃபெல்ட் தானே எழுதி, தானே தயாரிப்பிலும் பங்கெடுத்த ‘தி லாஸ்ட் வில் அண்ட் டெஸ்டமென்ட்’ (2024 நவம்பர்) ஏறக்குறைய 50 நிமிடத்தில் முடிகிறது. முதல் உலகப் போருக்குப் பிந்தைய காலம். பணக்காரக் குடும்பத் தலைவர் இறந்தபின் உயில் படிக்கப்படுகிறது, ஒவ்வொரு பத்தியிலும் ஒரு குடும்ப ரகசியம் உடைகிறது. முதல் ஏழு பாட்டுக்கும் பெயரே கிடையாது, சட்டப் பத்திரங்களில் போடும் பத்திக் குறியும் எண்ணும் மட்டும்தான். ஜெத்ரோ டல் குழுவின் இயன் ஆண்டர்சன் வந்து உரை வாசிக்கிறார், புல்லாங்குழலும் ஊதுகிறார். ஆனால் ரசிகர்கள் குதித்தது வேறொன்றுக்காக. 2008க்குப் பிறகு எந்த ஆல்பத்திலும் எடுக்காத உறுமல் குரலை 16 ஆண்டு கழித்து ஓக்கர்ஃபெல்ட் எடுத்திருக்கிறார். பழைய ரசிகனைக் குளிர்விக்கச் செய்ததாகத் தெரியவில்லை. உயில் எழுதிய கிழவரின் வன்மம் பேசும் இடத்தில் உறுமல், மற்ற இடத்தில் தெளிந்த குரல் என்று பாத்திரத்துக்கு ஏற்ப வருகிறது. கதை இருந்ததால் கத்தரியும் இருந்தது என்று நினைக்கிறேன்: உயில் படித்து முடிந்தால் ஆல்பமும் முடியத்தானே வேண்டும்.

இந்தப் பட்டியலில் என் வாக்கு பிளட் இன்கான்டேஷனின் ‘அப்சல்யூட் எல்ஸ்வேர்’ (2024 அக்டோபர்) ஆல்பத்துக்கு. அமெரிக்காவின் டென்வரைச் சேர்ந்த நான்கு பேர், டெத் மெட்டல்காரர்கள். பெர்லினின் புகழ்பெற்ற ஹன்ஸா ஸ்டுடியோவுக்குப் போய், ஆர்தர் ரிஸ்க் தயாரிப்பில் பதிந்திருக்கிறார்கள். இரண்டே பாட்டு, ஒவ்வொன்றும் மூன்று பாகம். முதலாவது சுமார் 20 நிமிடம், இரண்டாவது 23. பழைய இசைத்தட்டின் இரண்டு பக்கம், அவ்வளவுதான். ‘ஸ்டார்கேட்’ எடுத்த எடுப்பில் இடியாக இறங்குகிறது. சில நிமிடத்துக்குள்ளாகவே டிரம்ஸ் தளர்ந்து, பிங்க் ஃபிளாய்ட் பாணியில் கிதார் மிதக்கத் தொடங்குகிறது. ஃப்ரெட் இல்லாத பேஸ் அடியில் வழுக்கிக்கொண்டே போகிறது. இரண்டாம் பாகத்தில் டேஞ்சரின் டிரீம் குழுவின் தோர்ஸ்டன் குவேஷ்னிங்கே வந்து சிந்தசைசர் வாசிக்கிறார். இப்படிப்பட்ட கலவையில் ஒட்டுத் தையல் வெளியே தெரியும், பலர் அங்கேதான் விழுவார்கள். இவர்கள் 2022இல் டெத் மெட்டலை மூட்டைகட்டி வைத்துவிட்டு ‘டைம்வேவ் ஸீரோ’ என்று பெரும்பாலும் சிந்தசைசரால் ஆன பதிவு ஒன்று போட்டார்கள், அன்று பலரும் நொந்துகொண்டார்கள். அந்த வலைப்பயிற்சியின் பலன் இப்போது தெரிகிறது.

2025இல் கோஸ்ட், ஸ்லீப் டோக்கன் என்ற இரண்டு முகமூடிக் குழுக்கள் சில வார இடைவெளியில் அமெரிக்க பில்போர்ட் பட்டியலில் முதலிடம் பிடித்தன. கடினமான இசைக்கு இப்படி நடப்பது அபூர்வம், மகிழ்ச்சி. கோஸ்டின் ‘ஸ்கெலெட்டா’ இனிமையான பாப், அதை மெட்டல் என்று வாதாட நான் வரவில்லை.

நம் பக்கத்திலிருந்து டெல்லியின் பிளட்டிவுட், அதே ஆண்டு மார்ச்சில் ‘நூ டெல்லி’ வெளியிட்டது. எட்டே பாட்டு. டோல் மேளமும் கிதாரும் ஒரே அடியில் சேர்ந்து விழும் இடங்களில் உடம்பு தானாக ஆடுகிறது. ‘தட்கா’ என்று சாப்பாட்டைப் பற்றி ஒரு பாட்டு, ஜப்பானின் பேபிமெட்டல் சேர்ந்து பாடிய ‘பேகௌஃப்’ ஒன்று. முதல் ஆல்பமான ‘ரக்ஷக்’கில் கருத்துச் சொல்லும் வேகத்தில் பாட்டு சில இடங்களில் பிரசங்கமாகியது. இதில் சிரிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். கோரஸ்கள் இன்னும் ஒன்றையொன்று ஒத்திருக்கின்றன, மூன்றாவது ஆல்பத்தில் அதைச் சரிசெய்ய வேண்டும்.

மதிப்பெண் கேட்பவர்களுக்கு, பத்துக்கு: பிளட் இன்கான்டேஷன் 9, ப்ரீஸ்ட் எட்டரை, ஓபத் 8, பிளட்டிவுட் 7, மெட்டாலிகா ஆறரை, மெய்டன் 6. மெட்டலே கேட்டதில்லை என்பவர்கள் ‘பேனிக் அட்டாக்’கில் தொடங்குங்கள், ஐந்தரை நிமிடம்தான் ஆகும். பிடித்துவிட்டால் ‘அப்சல்யூட் எல்ஸ்வேர்’ ஆல்பத்தை ஷஃபிள் போடாமல் முதலிலிருந்து கடைசிவரை ஒரே மூச்சில் கேளுங்கள்.