கையெழுத்துப் போட வராதவர்கள்

பெரம்பலூர் மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளி. ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கே நடந்த பெற்றோர் கூட்டம் ஒன்றில் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். வந்திருந்தவர்களில் பாதிக்கு மேல் பாட்டிமார்கள். தலைமையாசிரியர் நல்ல மனிதர்தான், ஆனாலும் பேச்சின் நடுவில் அந்த வாக்கியம் வந்துவிட்டது: 'இந்த ஊர்ல பெத்தவங்களுக்குப் புள்ளைங்க படிப்பு மேல அக்கறையே இல்லைங்க.' ஒரு பாட்டி எழுந்தார். 'அக்கறை இருக்கப் போயித்தான சார் ரெண்டு பேரும் மெட்ராசுல கெடக்குறாங்க' என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். கூட்டம் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டது. எனக்குப் போக முடியவில்லை.

'பெற்றோர் ஈடுபாடு' என்கிற சொல்லாடல் அக்கறையை எதைக் கொண்டு அளக்கிறது? பள்ளி வளாகத்துக்குள் ஓர் உடல் வந்து நிற்பதைக் கொண்டு, பதிவேட்டில் விழும் கையெழுத்தைக் கொண்டு. வராதவர் அக்கறையற்றவர். இது ஏதோ ஒரு தலைமையாசிரியரின் தவறு அன்று. தேவாலயம்–குடும்பம் என்ற பழைய இணையின் இடத்தைப் பள்ளி–குடும்பம் என்ற இணை பிடித்துக்கொண்டது என்று 1970இல் அல்தூசர் எழுதினார். கருத்தியல் அரசு எந்திரம் என்ற சொல்லை நமது சிறுபத்திரிகைகள் தேய்த்துத் தீர்த்துவிட்டன. ஆனால் அந்த இணையில் உள்ள 'குடும்பம்' எது என்று நாம் கேட்கவில்லை. மாலையில் வீட்டில் இருக்கிற, நோட்டைத் திருப்பிப் பார்க்கத் தெரிந்த, ஆசிரியரோடு சமமாக நாற்காலியில் உட்கார முடிந்த தாயும் தகப்பனும்தான் அது. அனெட் லாரோ 1989இல் அமெரிக்கப் பள்ளிகளைப் பற்றி எழுதிய நூலில் இதைத்தான் காட்டினார்: பிள்ளை படிக்க வேண்டும் என்று தொழிலாளர் குடும்பங்களும் விரும்பின, ஆனால் பள்ளி மதித்தது நடுத்தர வர்க்கத்தாரின் ஈடுபாட்டு முறையை மட்டுமே.

பெரம்பலூரும் அரியலூரும் மானாவாரிப் பூமி. மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம். மழை பொய்த்தால் பஸ் ஏற வேண்டியதுதான். அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் சிமெண்ட் மூட்டையாகி வெளியே போகிறது. அதைக் குழைத்துப் பூசக் கொத்தனாரும் சித்தாளுமாக இந்த ஊர் ஆட்களும் போகிறார்கள். கொஞ்சம் வசதி இருந்தால் சிங்கப்பூர், வளைகுடா. (நமது பத்திரிகைகளில் 'புலம்பெயர்ந்தோர்' என்றால் பாரிசும் டொராண்டோவும்தான். இவர்களுக்கு அந்தச் சொல்லைக்கூட நாம் கொடுத்ததில்லை. 'பொழைக்கப் போனவங்க', அவ்வளவுதான்.)

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தை ஒரு பிரதியாக வாசித்துப் பார்க்கலாம். புலம்பெயர் குடும்பம் அதன் 9ஆம் பிரிவில் வருகிறது. அக்குடும்பத்துக் குழந்தைகளைப் பள்ளியில் சேர்ப்பது உள்ளாட்சி அமைப்பின் கடமை. 10ஆம் பிரிவு, பிள்ளையைச் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. 21ஆம் பிரிவில் பள்ளி மேலாண்மைக் குழு: முக்கால் பங்கு பெற்றோர் அல்லது பாதுகாவலர், பாதிப் பேர் பெண்கள், நலிந்த பிரிவினருக்கு உரிய பங்கு. நல்ல ஏற்பாடுதான், மறுக்கவில்லை. ஆனால் பொழைக்கப் போனவர் இங்கே சேர்க்கப்பட வேண்டிய குழந்தையின் தகப்பனாக இருக்கிறார், பேச வேண்டிய பெற்றோராக இல்லை. 'பாதுகாவலர்' என்ற சொல்லுக்குள் பாட்டிக்கு இடம் உண்டு. அந்தக் கூட்டத்தில் ஒரு பாட்டியையும் யாரும் கருத்துக் கேட்கவில்லை.

பெற்றோரை இந்த அரசு வேறு விதமாக அழைத்ததும் உண்டு. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம் பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்றது. பெரியார் அதைக் குலக்கல்வி என்று எதிர்த்தார். 1954இல் காமராசர் ஆட்சி கைவிட்டது. தன் வேலையைப் பிள்ளைக்குக் கற்றுக்கொடு என்று அன்று கேட்கப்பட்ட தகப்பனின் பேரன், தன் வேலை பிள்ளைக்கு வேண்டாம் என்றுதான் இன்று ஊரை விட்டுப் போகிறான். அவனுக்குத்தான் அக்கறை இல்லை என்கிறோம்.

அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதாவின் தந்தை திருச்சி காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவர். பிளஸ் டூவில் அனிதா 1200க்கு 1176 எடுத்தார். நீட்டை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார். 2017 செப்டம்பர் 1 அன்று இறந்தார். அந்தத் தகப்பன் எத்தனை பெற்றோர் கூட்டத்துக்குப் போனார் என்று யாரும் கேட்கவில்லை, கேட்கத் தோன்றவும் இல்லை. மதிப்பெண் குறைந்த பிள்ளையின் அப்பனிடம் மட்டுமே அந்தக் கேள்வி கேட்கப்படும். நீட் வந்த பிறகு ஈடுபாடு என்பதன் பொருளே மாறிவிட்டது: பயிற்சி மையத்துக்குக் கட்டும் பணம். மூட்டைக் கூலியில் அதைக் கட்ட முடியாது.

நாமும் சுத்தமில்லை. அறிவொளி நாட்களிலிருந்து 'பெற்றோருக்கு விழிப்புணர்வு ஊட்ட வேண்டும்' என்று மேடையில் பேசியவர்களில் நானும் ஒருவன். அதே சமயம் போனவர்களைக் காவியமாக்கவும் விருப்பமில்லை. பாட்டியிடம் விடப்பட்ட பையன் ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிடுவதையும், பெண்ணுக்குச் சீக்கிரமே கல்யாணம் பேசுவதையும் பார்த்திருக்கிறேன். பிரிவுக்கு விலை இருக்கிறது. அந்த விலையைக் கட்டுகிறவர்களையே குற்றவாளியாக்குவதைத்தான் மறுக்கிறேன்.

கூட்டம் முடிந்து அந்தப் பாட்டியோடு நடந்தேன். மகன் தினமும் எட்டு மணிக்குக் கட்டட வேலை நடக்கிற இடத்திலிருந்து போன் போடுவானாம். பேத்தி தமிழ்ப் பாடத்தைச் சத்தமாகப் படிக்க வேண்டும். 'அவனுக்கு எழுத்துத் தெரியாதுங்க. ஆனா எடையில நிறுத்துனா கண்டுபுடிச்சிருவான், ஏன் நிறுத்துனேம்பான்.' இதைப் பள்ளியில் சொன்னீர்களா என்றேன். 'இதையெல்லாம் போயி எப்புடிங்க சொல்றது?'

மகன் எப்போது வருவான் என்று கேட்டேன். பொங்கலுக்கு, நாலு நாள். அந்த நாலு நாளும் பள்ளி பூட்டிக் கிடக்கும்.