பில்லை, பதக்கம், கோப்பு

பதக்கம் சேர்ப்பவர்களைப் பற்றி நம் சிறுபத்திரிகைகளில் யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. அது வசதியுள்ளவர்களின் பொழுதுபோக்கு, விமர்சனத்துக்கு அங்கே என்ன வேலை என்று ஒதுக்கிவிடுகிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன். மரக்காணத்தில் ஒரு நண்பர் வீட்டில் ஒரு தகரப் பெட்டியைப் பார்த்த பிறகு, இந்த ஒதுக்குதலில் கொஞ்சம் சோம்பேறித்தனமும் கலந்திருக்கிறது என்று படுகிறது. அந்தப் பெட்டியில் இருந்தவற்றைப் பிரதிகளாகக் கொண்டு வாசிக்க முடியும். வாசித்தால் நமக்குச் சங்கடமான ஓர் இடத்தில் போய் நிற்போம் என்பதுதான் இக்கட்டுரையின் வாதம்.

நண்பர் உப்பு வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர், அறுபதைத் தாண்டியவர். பெட்டிக்குள் நிறைய இருந்தது. மூன்று பொருள்கள் மட்டும் இங்கே போதும். முதலாவது ஒரு பித்தளைப் பில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் உப்பு இலாகா சேவகன் தோள்வாரில் குத்திக்கொண்டது. நடுவில் எண், சுற்றிலும் ஆங்கில எழுத்து. இரண்டாவது, 1909இல் ஏழாம் எட்வர்ட் தொடங்கிவைத்த ராஜா போலீஸ் பதக்கம், வெள்ளி. மூன்றாவது ருமேனியாவிலிருந்து வந்தது. கம்யூனிஸ்ட் ஆட்சிக்காலப் பதக்கம் ஒன்று, கூடவே அதை அணியாத நாட்களில் சீருடையில் குத்திக்கொள்ளும் ரிப்பன் பட்டை. சென்னையில் நாணயக் கண்காட்சி ஒன்றில் வாங்கினாராம். "மூணும் ஒரே வம்சம் தம்பி, அதான் ஒரே பொட்டியில போட்டு வச்சிருக்கேன்" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்கு அது ஒரு விமர்சனக் கூற்றாகப் பட்டது. அவர் சொன்னது சரியா?

ராஜா போலீஸ் பதக்கத்தின் பின்பக்கத்தில் ஒரு பழங்காலக் காவலாளி வாளை ஊன்றி நிற்கிறான். பின்னால் கோட்டை சூழ்ந்த நகரம். அவன் கேடயத்தில் 'என் மக்களைக் காக்க' என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறது. சேகரிப்பாளர்கள் இந்தப் பதக்கத்தைக் கையில் எடுத்தால் முதலில் ரிப்பனைப் பார்ப்பார்கள். கருநீலத்தில் ஓரம் மட்டும் வெள்ளி நிறமா, நடுவிலும் ஒரு கோடு உண்டா? நடுக்கோடு 1916இல் வந்தது. வீரச் செயலுக்கான பதக்கத்தில் சிவப்புக் கோடுகள் 1933இல் சேர்ந்தன. அடுத்து விளிம்பைத் திருப்பிப் பெயர் வெட்டியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். கேடயத்தில் எழுதியிருப்பதை நிறுத்திப் படிப்பவர்கள் குறைவு.

ருமேனியப் பதக்கத்தின் பெயர் நீளமானது. தமிழில் சொன்னால், சமூக அரச ஒழுங்கமைப்பைக் காப்பதில் ஆற்றிய சிறப்புப் பணிகளுக்காக. 1948 ஆகஸ்டில் நிறுவப்பட்டு 1989 டிசம்பர் எழுச்சி வரை நடந்த செக்குரிட்டாட்டே என்ற ரகசியப் போலீஸின் ஆட்கள் மார்பில் இது ஏறியது. இதிலும் சேகரிப்பாளரின் கண் வேறெங்கோ போகிறது. நாட்டின் பெயர்ச்சுருக்கம் மக்கள் குடியரசு என்றிருந்தால் பழையது, சோஷலிஸ்ட் குடியரசு என்றிருந்தால் 1965க்குப் பிந்தியது. எனாமல் தெறித்திருக்கிறதா, ஊசி பழையதா மாற்றியதா, விருதுச் சான்றிதழ் கூட வருகிறதா? சான்றிதழ் இருந்தால் விலை ஏறும்.

லண்டனும் புக்காரெஸ்ட்டும் ஒரே வினைச்சொல்லைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன: காத்தல். தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு இந்த இடத்தில் வேற்றுமை உருபுகள் ஞாபகம் வராமல் போகாது. காப்பவன் முதல் வேற்றுமை. காக்கப்படுவது இரண்டாம் வேற்றுமை, மக்களை, ஒழுங்கை. எதனிடமிருந்து என்று கேட்டால் பதில் ஐந்தாம் வேற்றுமையில் வர வேண்டும். நீங்கல் அதன் பொருள்களில் ஒன்று. அச்சத்தையும் தொல்காப்பியம் அதன் கீழேதான் வைக்கிறது. பதக்கங்களில் இந்த ஐந்தாம் வேற்றுமை தொகையாகிவிடுகிறது. யாரிடமிருந்து மக்களைக் காத்தாய் என்று பதக்கத்தைக் கேட்டால் அது வாய் திறக்காது. அந்தப் பதில் இருக்கும் இடம் கோப்பு. அதிகாரம் தன் வாக்கியத்தை இரண்டாக வெட்டி, எழுவாயை உலோகத்தில் வார்த்து மார்பில் தொங்கவிடுகிறது, மிச்சத்தைக் காகிதத்தில் எழுதி இரும்பு பீரோவில் பூட்டுகிறது.

ருமேனியாவில் அந்த பீரோ ஓரளவு திறந்தது. 1999இல் ஒரு சட்டம் வந்து, கோப்புகளைப் பார்ப்பதற்கென்று ஒரு தேசியக் குழு ஏற்பட்டது. 2009இல் நோபல் பரிசு பெற்ற எர்தா முல்லர் தன் கோப்பை வாங்கிப் படித்தார். 914 பக்கம். அதில் அவருக்கு 'கிறிஸ்டினா' என்று ரகசியப் பெயர். உளவு சொல்ல மறுத்தார் என்று அவரைத் துரத்திய தொழிற்சாலையில் அவர் வேலை பார்த்த மூன்று வருடங்கள் அந்தக் கோப்பில் இல்லை. ருமேனியக் கிராமங்களில் ஆய்வு செய்யப் போன அமெரிக்க மானிடவியலாளர் கேதரின் வெர்டரியின் மீது இருந்த கோப்பு 2,781 பக்கம். அதைப் படித்து அவர் ஒரு புத்தகமே எழுதினார். வேவு பார்க்கப்பட்டவர்களே வாசகர்களாக மாறியபோது, பதக்கம் தொகுத்து வைத்திருந்த ஐந்தாம் வேற்றுமை விரிந்தது. மக்களைக் காத்தது ஒரு மொழிபெயர்ப்பாளரிடமிருந்து, ஓர் ஆராய்ச்சி மாணவியிடமிருந்து. முழுதாக விரிந்துவிடவில்லை. கோப்பிலும் கிழித்த பக்கம் உண்டு.

சரி, ருமேனியாவைப் பற்றிப் பேசுவது நமக்குச் சுலபம். மரக்காணத்துக்கே வருவோம்.

சென்னை ராஜதானியில் உப்பை அரசாங்கம் ஏகபோகமாக எடுத்துக்கொண்டது 1805இல். மரக்காணத்து உப்பு பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகப் படகில் சென்னைக்குப் போனது. கால்வாயின் தென்கோடி இந்த ஊர்தான். பாத்தியில் வாரிய உப்பு அம்பாரமாகக் குவிந்ததும் அதற்குக் காவல் வந்தது. கழுவெளி ஓரத்திலும் காயல் கரையிலும் வெயிலில் தானாக விளையும் உப்பை ஒரு கை அள்ளினாலும் குற்றம். அப்படி விளைந்ததை மண்ணோடு கலந்து அழிப்பது இலாகாவின் அன்றாட வேலைகளில் ஒன்று. 1930இல் ஒரு மணங்குக்கு வரி 1 ரூபாய் 4 அணா. அந்த வருடம் ஏப்ரல் 30 அன்று ராஜாஜி வேதாரண்யத்தில் உப்பு அள்ளிக் கைதானார். அதற்கு முன்பே தஞ்சாவூர் கலெக்டர் தோர்ன், யாத்திரை போகிறவர்களுக்குச் சோறு போட்டாலும் திண்ணையில் இடம் கொடுத்தாலும் தண்டனை என்று அறிவித்திருந்தார். 'என் மக்களைக் காக்க' என்ற வாக்கியத்தின் ஐந்தாம் வேற்றுமை இங்கே பளிச்சென்று தெரிகிறது. மக்களை மக்களிடமிருந்து காத்தார்கள்.

இந்தக் கரையில் கோப்பு இல்லாமலில்லை. மரக்காணத்துக்குத் தெற்கே பக்கத்திலேயே புதுச்சேரி. 1908 முதல் 1918 வரை பாரதி அங்கே இருந்த காலமெல்லாம் பிரிட்டிஷ் சி.ஐ.டி. ஆட்கள் அவர் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த அறிக்கைகள் இன்று பாரதி ஆய்வுக்கு ஆதாரம். கவிஞனின் வாழ்க்கையை நாம் ஒற்றனின் கையெழுத்தில் படித்துத் தேதி குறிக்கிறோம். இதில் உள்ள அபத்தத்தை நாம் போதுமான அளவு யோசிக்கவில்லை என்று நினைக்கிறேன். ஒற்றன் எதைப் பார்த்தானோ அதுதான் வரலாறாகக் கைக்குக் கிடைக்கிறது. அவன் பார்க்கத் தகுதியில்லை என்று விட்டதெல்லாம் போனது போனதுதான்.

இதன் தொடர்ச்சி சுதந்திரத்துக்குப் பிறகும் இருக்கிறது. 1972இல் வெள்ளி விழாவை ஒட்டி, விடுதலைப் போராட்ட வீரர்களுக்குத் தாமிரப் பட்டயம் கொடுத்தார்கள். மத்திய அரசின் ஓய்வூதியத் திட்டமும் அதே வருடம்தான். ஓய்வூதியத்துக்கு முக்கியமான தகுதி குறைந்தது ஆறு மாதச் சிறைவாசம். பெண்களுக்கும் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கும் மூன்று மாதம். அதை எதைக் கொண்டு நிரூபிப்பது? முதலில் கேட்பது சிறைப் பதிவேட்டுச் சான்று. பிடித்தவன் எழுதிவைத்த நோட்டுப்புத்தகமே பிடிபட்டவனின் பெருமைக்கும் அத்தாட்சி. அடித்தவனுக்கு வெள்ளியில் பதக்கம், அடிபட்டவனுக்குச் செம்பில் பட்டயம், இரண்டுக்கும் மூலப்பிரதி ஒரே பதிவேடு. தியாகத்தைக் கொச்சைப்படுத்துகிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். சிறைக்குப் போனவர்களின் தியாகம் பதிவேட்டால் சிறுத்துவிடாது. பதிவேட்டுக்கு வெளியே நின்றவர்களை எந்தக் கணக்கில் வைப்பது என்பதுதான் என் கேள்வி.

என் ஆயாவின் அம்மா அப்படி வெளியே நின்ற ஒருத்தி. முப்பதாம் வருடத்துக்கு முன்னால் எப்போதோ, ஓடைக் கரையில் பூத்திருந்த உப்பை வழித்து மடியில் கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். பில்லை போட்ட ஆள் ஒருத்தன் வழியில் நிறுத்தி மடியை அவிழ்க்கச் சொன்னான். உப்பைச் சேற்றில் கொட்டி மிதித்தான். வழக்கு இல்லை, அபராதம் இல்லை. "ஒரு பிடி உப்புக்கு ஊரு பாக்க மடிய அவுக்க வச்சான்" என்று அவள் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்ததாக ஆயா சொல்லும். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் எத்தனை வருடம் தேடினாலும் இது கிடைக்காது. எழுதுமளவுக்கு அது நிகழ்ச்சி அல்ல. ராஜா பதக்கத்தின் விளிம்பில் அதிகாரிக்குப் பெயர் உண்டு. பில்லையில் சேவகனுக்கு எண் உண்டு. அவளுக்கு இரண்டும் கிடையாது.

ஆகவே மூன்றும் ஒரே வம்சம் என்று நண்பர் சொன்னதை மறுத்தேன். பதக்கம் வாங்கியவன் அதைப் பேரனுக்கு விட்டுப்போகலாம். பில்லை அலுவலகத்தின் சொத்து, மார்பில் இருந்தாலும் அவனுடையதில்லை. அவர் விடவில்லை. "அந்தப் பில்லைய மாட்டிக்கினு நின்னவனும் கூலிக்காரன்தான் தம்பி. அவன் பொண்டாட்டியும் எங்கியாவது ஓடையில உப்பு வழிச்சிருப்பா" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. விளிம்புநிலை என்று நாம் எழுதும்போது அங்கே எல்லோரும் ஒரே பக்கம் நிற்பதாகக் கற்பனை செய்துகொள்கிறோம். மடியை அவிழ்த்தவளும் அவிழ்க்கச் சொன்னவனும் ஒரே தெருவாக இருக்கலாம் என்பதை அவருடைய பெட்டி எனக்குச் சொன்னது.

சேகரிப்பாளரைத் திட்டுவது என் நோக்கமல்ல. சேகரிப்பவன் பொருளைப் பயன்பாட்டின் பாரத்திலிருந்து விடுவிக்கிறான் என்று வால்டர் பெஞ்சமின் வாதிட்டதுண்டு. புத்தகத்துக்கு அது பொருந்தலாம். ஆனால் பில்லையின் பயன்பாடு இன்னொருத்தியின் மடி. அதிலிருந்து பில்லையை விடுவித்தால் அவளும் சேர்ந்து மறைந்துபோகிறாள். 'நல்ல நிலை', 'அரிது', 'ரிப்பன் அசல்' என்ற பட்டியல் மொழி இந்த மறைத்தலைச் செய்கிறது. இன்னொரு பக்கமும் பார்க்க வேண்டும். இவரைப் போன்றவர்கள் காசு கொடுத்து வாங்கியிராவிட்டால் அந்தப் பித்தளை எப்போதோ உருகிக் குத்துவிளக்காகியிருக்கும். அரசு கோப்பை வைத்திருக்கிறது, இவர் உலோகத்தை வைத்திருக்கிறார், ஆயாவிடம் வாய்ச்சொல் இருந்தது. மூன்றையும் ஒரே மேசையில் வைத்துப் படிக்கும் வேலையை நாம்தான் செய்யவில்லை.

பதக்கத்தைச் சரியாகப் படித்த ஓர் உதாரணம் நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1920 ஆகஸ்ட் 1 அன்று காந்தி தன் கெய்சர்-இ-ஹிந்த் பதக்கத்தையும் ஜூலு, போயர் போர்ப் பதக்கங்களையும் வைசிராய்க்குத் திருப்பி அனுப்பினார். கூடவே கிலாபத்தையும் பஞ்சாபையும் சுட்டிக் காரணம் எழுதிய கடிதம். வாங்கியவரே கோப்பை எழுதிப் பதக்கத்தோடு சேர்த்துக் கட்டிக் கொடுத்தார். அதன் பிறகு அந்த உலோகம் மௌனமாக இருக்க முடியவில்லை. நம் குடியரசும் 1951இல் தனக்கென்று போலீஸ் பதக்கங்களை ஏற்படுத்திக்கொண்டது. வருடத்துக்கு இரண்டு முறை பட்டியல் வருகிறது. சிறப்புப் பணி, மெச்சத்தக்க பணி என்ற தலைப்புகளின் கீழ் பெயரும் பதவியும் இருக்கின்றன. ஐந்தாம் வேற்றுமை அங்கேயும் தொகைதான்.

உப்பு வரி 1947 ஏப்ரலில் போனது. மரக்காணத்தில் இன்றும் உப்பு வாருகிறார்கள், மழைக்காலத்தில் வேலையில்லாமல் கிடக்கிறார்கள். நண்பர் தன் பெட்டியை உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் ஒருநாள் காட்சிக்கு வைக்கப்போகிறாராம், ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டுச்சீட்டு எழுதிக் கொடு என்று கேட்டார். ராஜா பதக்கத்துக்கும் ருமேனியப் பதக்கத்துக்கும் ஒரே கேள்வியை எழுதினேன்: யாரிடமிருந்து? பில்லைக்கு இரண்டு வரி. இதை அணிந்தவர் பெயர் தெரியாது, எண் மட்டும் தெரியும். இவர் நிறுத்திய பெண்ணின் எண்கூடத் தெரியாது.

நண்பர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். "வெல எழுதலியே?" என்றார். பிறகு ஒன்றும் சொல்லாமல் சீட்டுகளை அடுக்கிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார்.