காவலா, ஏவலா?

‘காவலன்’ என்னும் சொல்லுக்கு அரசன் என்பது நம் பழைய நூல்கள் கொண்ட பொருள். காப்பவனே ஆள்பவன். அயலார் ஆட்சியிலோ இவ்விரண்டும் பிரிந்தன. ஆள்பவன் ஒருவன், அவன் தந்த தடியை ஏந்தி நின்றவன் வேறொருவன். அவனைக் காவலன் என்பதா, ஏவலன் என்பதா? வரலாறு எழுதுவோர் பலர் இவ்வினாவுக்கு விரைந்து விடை கூறிவிடுகின்றனர்.

பாலஸ்தீனத்தை எடுத்துக்கொள்வோம். 1936இல் அங்கே அரபு மக்கள் பிரிட்டிஷ் ஆட்சியையும் யூதக் குடியேற்றத்தையும் எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தனர். ஆட்சியினர் யூதரிடமிருந்தே துணைக் காவலரைத் திரட்டினர். எபிரேய மொழியில் இவர்கள் ‘நோத்ரிம்’ எனப்பட்டனர். காவலர் என்பது அதன் பொருள். யூதர் குடியிருப்புகளைக் காப்பது இவர்களின் முதற்பணி. சீருடை ஆட்சியினர் தந்தது. ஆனால் இவர்களுட் பலர் ‘ஹகானா’ என்னும் யூதரின் மறைவுப் படையினர். பகலில் ஆட்சியினரிடம் பெற்ற பயிற்சி, இரவில் ஹகானாவுக்கும் பயன்பட்டது.

1939இல் அதே ஆட்சி ஒரு வெள்ளை அறிக்கை வெளியிட்டது. அடுத்த ஐந்தாண்டுகளில் 75,000 யூதர்களே குடியேறலாம் என்று வரையறுத்தது. ஆணையிடுவோனுக்கும் ஆணை ஏற்போனுக்கும் நோக்கம் வெவ்வேறு என்பது அப்போது வெளிப்படையாயிற்று. 1948இல் இஸ்ரேல் பிறந்தபோது ஹகானாவே அந்நாட்டுப் படையின் அடித்தளமாயிற்று. அதே போரில் ஏறத்தாழ 7 இலட்சம் பாலஸ்தீன அரபுகள் வீடிழந்தனர்.

இவ்வரலாற்றை ஒரு சாரார் நாட்டுப் படையின் நாற்றங்கால் என்பர். மற்றொரு சாரார் அயலாட்சியின் கைக்கோல் என்பர். இரண்டிலும் உண்மை உண்டு. எதுவும் முழு உண்மை அன்று. தன் வீட்டைக் காத்தவனே அண்டை வீட்டானுக்கு அச்சமாகவும் நின்றான். இதனை மறைத்து எழுதுவது வரலாறு ஆகாது, வழக்குரை ஆகும்.

இனி, நம் சிங்கப்பூருக்கு வருவோம். 1881இல் பஞ்சாபிலிருந்து சீக்கியர் வரவழைக்கப்பட்டுத் தனிக் காவற்படை அமைந்தது. சில இனத்தாரே போர்க்குடியினர் என்பது ஆங்கிலேயர் கொண்ட எண்ணம். சீனர்களின் இரகசியச் சங்கப் பூசல்களை அடக்க, இவ்வூரோடு உறவில்லாதவரே ஏற்றவர் என்றும் கருதினர். நோத்ரிம் தம் குடியிருப்பைக் காத்தனர். சீக்கியரோ பிறர் ஊரைக் காத்தனர். அவருக்கு அயன்மையே தகுதி ஆயிற்று. இரு படைகளையும் ஒரே தட்டில் வைப்போர் இவ்வேறுபாட்டை எண்ணுவதில்லை. போருக்குப் பின் அப்படை கலைந்தது. 1949இல் கூர்க்கா படை அமைந்தது. ஆள் மாறினும் முறை மாறவில்லை.

தேக்காவிலிருந்து சிலிகி சாலை வழியே நடப்போர், 1928இல் எழுந்த டேவிட் எலியாஸ் கட்டடத்தில் தாவீதின் விண்மீனைக் காணலாம். அப்பகுதியில் ஒருகாலத்தில் யூதர் மிகுதியாக வாழ்ந்தனர். அச்சமூகத்தவரான டேவிட் மார்ஷல் தொண்டர் படையில் சேர்ந்தார். சிங்கப்பூர் வீழ்ந்தபின் ஜப்பானியரிடம் சிறைப்பட்டார். 1955இல் முதல் முதலமைச்சர் ஆனார். 1956இல் அவர் இலண்டனில் தன்னாட்சி கேட்டார். அப்பேச்சு எதில் முறிந்தது? உள்நாட்டுப் பாதுகாப்பில் இறுதிச் சொல் யாருடையது என்பதில். சட்டமன்றமும் அமைச்சரவையும் தர இசைந்தவர்கள், காவலின் கடிவாளத்தை மட்டும் விட மறுத்தனர். மார்ஷல் பதவி துறந்தார்.

சீருடை அணிந்தவன் எவ்வினத்தான் என்பது இரண்டாம் வினா. அவனுக்கு ஆணையிடும் உரிமை யாரிடம் என்பதே முதல் வினா. மக்களுக்கு விடைசொல்லக் கடமைப்பட்டவன் ஆணையிட்டால் அது காவல். அல்லாதவன் ஆணையிட்டால் அது ஏவல். மாணவர்க்கு வரலாறு கற்பிக்கும் ஆசிரியர்கள் இவ்விரு சொற்களையும் கரும்பலகையில் அருகருகே எழுதிவிட்டுப் பாடத்தைத் தொடங்கலாம்.