எம்டனின் நான்காவது புகைபோக்கி

இல்லாத கடற்படை ஒன்றை எழுதத் தமிழில் இடம் தாராளமாக இருக்கிறது. ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தியே அந்த இடத்தை விட்டுவைத்தது. கடாரம் வரை வென்ற ஊர்களைப் பெயர் பெயராக அடுக்கும் அது, கலங்கள் பல என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. எத்தனை பாய், எத்தனை ஆள், குடிதண்ணீர் எங்கே ஏற்றினார்கள் என்பதெல்லாம் இல்லை. இந்த மௌனத்துக்குள்தான் நம் சரித்திர நாவலாசிரியர்கள் கப்பல் கட்டினார்கள்.

குமுதத்தில் தொடராக வந்த சாண்டில்யனின் 'கடல் புறா' இவற்றில் பேர் பெற்றது. விவரம் சேகரிக்க அவர் சோம்பியதில்லை. அதை மறுப்பது அநியாயம். ஆனாலும் படித்து முடித்தபின் எனக்கு நின்றது நாயகனின் சாதுரியமும் அந்தப் பறவை வடிவமும்தான். கலத்தின் கனம் நிற்கவில்லை.

1906-இல் இங்கிலாந்து 'டிரெட்நாட்' என்ற போர்க்கப்பலைக் கடலில் இறக்கியது. சுமார் 18,000 டன்; 12 அங்குல பீரங்கிகள் பத்து. அதற்கு முந்திய போர்க்கப்பல்கள் எல்லாம் ஒரே நாளில் கிழடாயின. அந்த ஜாதிக் கப்பல் எதுவும் சென்னையைச் சுடவில்லை. 1914 செப்டம்பர் 22 இரவு வந்த ஜெர்மானிய எம்டன் 4,000 டன்கூட இல்லாத குரூசர். அதற்கும் பீரங்கி பத்துதான், ஆனால் வாய் 10.5 சென்டிமீட்டர். துறைமுகத்தருகே பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளை எரியவிட்டுப் போய்விட்டது.

அதன் கேப்டன் முல்லர் மூன்று புகைபோக்கி உள்ள கப்பலுக்கு நான்காவதாகப் பொய்ப் புகைபோக்கி ஒன்று வைத்துக்கொண்டார், ஆங்கிலக் கப்பல் என்று தோன்றும்படி. அந்த வேஷத்தில்தான் அக்டோபர் 28-இல் பினாங்கில் நுழைந்து ரஷ்யக் கப்பலை மூழ்கடித்தார். இதுவும் புனைவுதான். ஆனால் கப்பல் தெரிந்தவனை ஏமாற்றியாக வேண்டிய புனைவு. நம்முடையவை கப்பல் தெரியாதவனைச் சந்தோஷப்படுத்தினால் போதும் என்று எழுதப்பட்டவை. எம்டனுக்குப் பசியும் இருந்தது: பிடித்த கப்பல்களின் நிலக்கரியைத் தின்றுதான் ஓடியது. நவம்பர் 9-இல் கோக்கோஸ் தீவில், சிட்னி என்ற ஆஸ்திரேலியக் கப்பலிடம் அடிபட்டுத் தரைதட்டியது.

எந்த எழுத்தாளனும் எழுதித் தராமலே அது மொழிக்குள் வந்துவிட்டது. மயிலாப்பூரில் என் சிறு வயதில், எதிர்வீட்டுத் தகப்பனார் தெருமுனையில் தென்பட்டால், "எம்டன் வரான்டா" என்று திண்ணையை விட்டு ஓடுவோம். கடல் புறா என்று யாரையும் வைது கேட்டதில்லை.