நைட்டிங்கேல் வார்டு: காற்றும் கண்காணிப்பும்

தவறான மருத்துவக் கொள்கையிலிருந்து நல்ல கட்டடம் பிறக்குமா? 19ஆம் நூற்றாண்டு மருத்துவமனைகளின் வரலாறு பிறக்கும் என்கிறது.

கிரிமியப் போரில் காயத்தைவிட நோய்க்கே அதிக வீரர்கள் பலியானதைக் கண்டவர் ஆங்கிலேயச் செவிலியர் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல். மருத்துவமனைகள் பற்றிய அவரது நூல் 1859இல் வெளிவந்தது. கெட்ட காற்றே நோயைப் பரப்புகிறது என்று நம்பிய அவர், நோயாளிகளைத் தனித்தனிக் கட்டடங்களில் பிரித்து வைக்கும் ‘பெவிலியன்’ முறையை வலியுறுத்தினார். 1871இல் லண்டன் தேம்ஸ் கரையில் திறக்கப்பட்ட செயின்ட் தாமஸ் மருத்துவமனை அதன் பெரும் சான்று. நீண்ட கூடம், இருபுறமும் உயர்ந்த ஜன்னல்கள், அவற்றின் இடையே சுவரில் தலைமாட்டை வைத்த கட்டில்கள், நாற்றம் உள்ளே வராதபடி கடைக்கோடியில் ஒதுக்கப்பட்ட கழிப்பறைகள்.

கிருமிக் கொள்கை வந்தபின் கெட்ட காற்றுக் கோட்பாடு வீழ்ந்தது. ஜன்னல்களின் பயன் வீழவில்லை. பெரு நாட்டின் லிமா நகர மருத்துவமனைகளில் நடந்து 2007இல் வெளியான ஆய்வு, உயர்ந்த கூரையும் பெரிய ஜன்னல்களும் கொண்ட பழைய வார்டுகளில், இயந்திரக் காற்றோட்டமுள்ள நவீன அறைகளைவிடக் காற்று வேகமாக மாறுவதைக் காட்டியது. காசநோய் பரவும் இடங்களில் இது உயிர்காக்கும் வேறுபாடு. நைட்டிங்கேலின் நீண்ட கூடத்தில் ஒரே செவிலியர் எல்லா நோயாளிகளையும் பார்க்க முடிந்ததும் பெரிய வசதி. மூச்சுத் திணறுபவர் கவனிக்கப்படாமல் கிடக்க வாய்ப்பு குறைவு.

ஆனால் அந்தப் பார்வைக்கு இன்னொரு முகம் உண்டு. அன்று வசதி படைத்தவர்கள் வீட்டிலேயே மருத்துவம் பெற்றார்கள். இத்தகைய மருத்துவமனைகள் செல்வர்களின் நன்கொடையில் ஏழைகளுக்காக நடந்தன. வார்டை நோக்கிய ஜன்னல் தலைமைச் செவிலியரின் அறையில் இருக்க வேண்டும் என்றார் நைட்டிங்கேல். அது நோயாளிகளையும் இளம் செவிலியர்களையும் ஒழுங்கில் வைப்பதற்கும்தான். உடை மாற்றுவதும், வலியில் கதறுவதும், சாவதும் ஏறத்தாழ முப்பது பேர் முன்னிலையில் நடந்தன. ஏழைக்கு அந்தரங்கம் தேவையில்லை என்ற எண்ணம் அந்தக் கூடத்தின் அமைப்பிலேயே கலந்திருந்தது.

நம் அரசு மருத்துவமனைகளின் பொது வார்டுகளும் இந்த மரபில் வந்தவையே. ஏசிக்காக ஜன்னல்களை அடைப்பது முன்னேற்றம் ஆகாது. பெண் நோயாளியை மறைப்பின்றிப் பரிசோதிப்பதைச் சிக்கனம் என்று நியாயப்படுத்தவும் கூடாது. புதிய வார்டு கட்டுபவர்கள் நைட்டிங்கேலிடமிருந்து ஜன்னலை எடுத்துக்கொள்ளட்டும். ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு திரையைத் தாங்களே சேர்க்கட்டும்.